முப்பத்தேழு டிகிரி

திங்கள்கிழமை காலை கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்ததும் இன்ஜினியர் முதலில் பார்த்தது திரையின் நடுவில் இருந்த அந்த எண்ணைத்தான். பெயிண்ட் ஷாப் ஓவனில் எட்டுப் பகுதிகள். ஏழு பகுதிகளில் முப்பது என்று காட்டியது. ஐந்தாம் பகுதியில் மட்டும் முப்பத்தேழு.

ஓவன் கடைசியாக எரிந்து நாற்பது நாளுக்கு மேலாகிவிட்டது. கேஸ் குழாயின் வால்வை மூடி, சங்கிலி போட்டு, பூட்டு மாட்டி, சிவப்பு அட்டையும் தொங்கவிட்டிருந்தார்கள். ஊதுவிசிறிகளின் மோட்டார்களுக்குப் போகும் கரண்டையும் துண்டித்திருந்தார்கள். வழக்கமாகக் காது அடைக்கும் அந்தக் கொட்டகையில் இப்போது தகரக் கூரைமேல் புறா நடக்கும் சத்தம்கூடக் கேட்டது. பழைய பெயிண்டின் இனிப்பான நெடியும் இயந்திரம் ஓடாத இடங்களுக்கே உரிய குளிர்ந்த எண்ணெய் வாசமும் அவ்வளவு பெரிய கூடத்தில் அசையாமல் நின்றன.

பேனலில் உட்கார்ந்திருந்தவரைக் கம்பெனி முழுக்கச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடும். கண்ணாடி அவ்வளவு தடிமன். அவர் திரையைக் கூர்ந்து பார்த்து, சென்சார் போயிருக்கும் சார் என்றார். இன்ஜினியருக்கும் அப்படித்தான் பட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பகுதியின் சென்சாரை வெளிப்பக்கமாகவே கழற்றிப் புதியது மாட்டச் சொன்னார். அரைமணி நேர வேலை. புதியதும் முப்பத்தேழு காட்டியது.

எலக்ட்ரீஷியன் எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கிற ஆள். "ஓவனுக்குக் காய்ச்சல்லாம் ஒண்ணும் இல்ல சார். நம்ம உடம்புச் சூடுதான்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. சோடாபுட்டி தலையைக் குனிந்துகொண்டார். மூன்று பேருமே ஐந்தாம் பகுதியில் நடந்ததை அந்த நொடியில் நினைத்துக்கொண்டார்கள்.

இன்ஜினியரின் மைத்துனன் செத்தது அங்கேதான்.

மனைவியின் ஒரே தம்பி. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். இருபத்தாறு வயதாகியும் சின்னவன்தான். கம்பெனிக்குச் சிபாரிசு செய்து ஃபிட்டராகச் சேர்த்துவிட்டவர் இன்ஜினியர். பெயர் பெற்ற பெரிய கம்பெனி, நாலாயிரம் பேர் வேலை செய்கிற இடம், மாசத்துக்கு ஒரு லட்சம் ஃபிரிட்ஜ் வெளியே போகிறது. சேர்ந்த அன்று அக்காவுக்கு இருந்த பெருமை சின்னவனுக்குக்கூட இல்லை.

ஃபிரிட்ஜ் கதவுகளுக்குப் பெயிண்ட் அடித்ததும், அவை கொக்கிகளில் தொங்கியபடி அந்த ஓவனுக்குள் போகும். ஐம்பது மீட்டர் நீளத்துக்குத் தகரச் சுரங்கம். ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு திங்கள் இரண்டாம் ஷிப்டில்தான் மறுபடி எரிய விடுவார்கள். அந்தத் திங்கள் மதியம், சனிக்கிழமை உள்ளே கழன்று விழுந்த ஒரு கதவை எடுக்கச் சின்னவன் போனான். இரண்டு நிமிட வேலை என்று, ஆள் உள்ளே இருக்கும்போது யாரும் ஸ்டார்ட் செய்ய முடியாதபடி ஸ்விட்சில் போடும் பூட்டை மாட்டவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஷிப்டு மாறியது. வந்தவர் திரையைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது, இரண்டேகாலுக்கு ஸ்டார்ட் செய்தார். இரு பக்கமும் ஷட்டர் இறங்கியது. ஊதுவிசிறிகள் சுற்ற ஆரம்பித்த பிறகு உள்ளே எவன் கத்தினாலும் வெளியே கேட்காது.

ஆனால் உள்ளே ஒரு கயிறு உண்டு. சுவரோடு சுவராக, இடுப்பு உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடும் இரும்புக் கயிறு. ஒரு இழு இழுத்தால் எல்லாம் நின்றுவிடும். நிற்க வேண்டும்.

சூட்டில் தொய்ந்து தொய்ந்து அது தானாகவே லைனை நிறுத்திக்கொண்டிருந்தது. ஷிப்டுக்கு நாலு தடவை. உற்பத்தி அடிபடுகிறது என்று மேனேஜர் தினமும் மீட்டிங்கில் வைத்து வாங்கினார். ஒரு நாள் இன்ஜினியர் பேனலைத் திறந்து, ஒரு சாண் நீள வயரை இரண்டு முனைகளுக்கு நடுவே குறுக்கே போட்டுவிட்டார். அதன் பிறகு கயிற்றை யார் இழுத்தாலும் ஒன்றும் நடக்காது. இரண்டு நாளைக்குத்தான் என்று நினைத்தார். புது ஸ்விட்ச் வந்தது. அதை மாட்ட லைனை நிறுத்தும் நாள் வரவில்லை. ஸ்விட்ச் இரண்டு மாதம் அலமாரியில் கிடந்தது.

சின்னவனின் டூல் பையை வாசலில் பார்த்துவிட்டு யாரோ கத்த, ஓவனை நிறுத்தி, முதலில் உள்ளே ஓடியவர் இன்ஜினியர்தான். கயிறு அவன் வலது உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அதை அவரேதான் பிரித்து எடுத்தார். ஆம்புலன்ஸ் போனதும், எல்லோரும் வாசலில் நின்று அழுதுகொண்டிருக்கும்போது, அவர் பேனல் அறைக்குப் போய் அந்த வயரை உருவிப் பையில் போட்டுக்கொண்டார்.

விசாரணைக் குழு எழுதியது: தொழிலாளி பூட்டு மாட்டாமல் உள்ளே சென்றிருக்கிறார், அவசரக் கயிற்றையும் இழுக்கவில்லை, அஜாக்கிரதை.

அந்தக் கடிதம் வீட்டுக்கும் வந்தது. மனைவி அதை மடித்து மடித்து வைத்ததில் மடிப்பில் காகிதம் கிழிய ஆரம்பித்துவிட்டது. அவள் பெரிதாக அழவில்லை. சமைத்தாள், துவைத்தாள், தம்பியின் சட்டைகளை வாரம் ஒரு தடவை எடுத்து இஸ்திரி போட்டு மறுபடி அடுக்கினாள். திரையில் முப்பத்தேழு காட்டிய திங்கள் மாலை இன்ஜினியர் வீட்டுக்குப் போனபோது அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, இவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவன் அஜாக்கிரதையான பையன் இல்லைங்க. கேஸ் மூடியிருக்கான்னு ராத்திரி ரெண்டு தரம் எந்திரிச்சுப் பாக்குறவன். கயிறு இருந்தா இழுத்திருக்க மாட்டானா?"

பதற்றத்தில் தோன்றியிருக்காது என்றார் அவர். ஒரு நொடியில் எல்லாம் முடிந்திருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். சூடான துணியின் வாசம் அறை முழுக்க இருந்தது. அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு, திரையில் ஐந்தாம் பகுதி முப்பதுக்கு இறங்கியது. ஆறாம் பகுதி முப்பத்தேழு ஆனது.

சோடாபுட்டி அதைப் பார்த்தார், இன்ஜினியர் பார்ப்பதையும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெயில் அந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கும் என்று இன்ஜினியர் சொன்னார். கொட்டகைக்குள் இருக்கிற ஓவன்மேல் வெயில் எங்கிருந்து விழும் என்று சோடாபுட்டி கேட்கவில்லை. வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மறுநாளும் வரவில்லை. ஃபோன் செய்தால் உடம்பு சரியில்லை என்றார்கள்.

புதன்கிழமை இரண்டேகாலுக்கு ஏழாம் பகுதி.

அன்று இன்ஜினியர் தனியாக உட்கார்ந்து கிராஃபை விரித்துப் பார்த்தார். கோடு நேராக இல்லை. முப்பத்தேழுக்கு மேலேயும் கீழேயும் இம்மி இம்மியாக ஏறி இறங்கியது. நிமிடத்துக்குப் பதினாறு, பதினேழு தடவை. அவர் தன் மூச்சை எண்ணிப் பார்த்தார். எண்ணியிருக்கக் கூடாது.

ஏன் நகர்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எட்டாம் பகுதியின் கோடியில் ஒரு கதவு உண்டு. ஆள் நுழையும் சின்னக் கதவு. உள்ளேயிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும், பூட்டே கிடையாது. ஐந்தாம் பகுதியிலிருந்து பதினெட்டு மீட்டர். சூடு ஏறத் தொடங்கும் முதல் நிமிடத்தில் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போயிருந்தாலும் சின்னவன் வெளியே வந்திருப்பான். அவன் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவனை ஓவனுக்குள் கூட்டிப்போய், கயிற்றைத் தொட்டுக் காட்டி இன்ஜினியர்தான் சொன்னார்: எது நடந்தாலும் ஓடாதே, இருட்டில் கொக்கியில் மோதிக்கொள்வாய், கயிற்றை இழுத்துவிட்டு அங்கேயே நில். நான் வந்துவிடுவேன்.

சரி அத்தான் என்றான் அவன்.

நின்றிருக்கிறான்.

வியாழக்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை ஓவனை எரிய விட்டாக வேண்டும் என்றார். மேலிடத்திலிருந்து நெருக்குகிறார்கள். பாதுகாப்புச் சான்றிதழில் இன்ஜினியரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. உள்ளே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றார் இவர். மேனேஜர் அவர் தோளைத் தட்டி, வேண்டுமானால் வேறு யாரையாவது அனுப்பலாமே, உங்கள் மனசும் பாருங்கள் என்றார். நல்ல மனுஷன். அந்த வயரைப் பற்றி அவருக்குத் தெரியாது.

மதியம் இரண்டேகால் தாண்டி எல்லோரும் கேன்டீனுக்குப் போனபிறகு இன்ஜினியர் தன் பூட்டை மாட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் போட்டார். கழுத்தில் வெப்பக் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டார். எந்த மோட்டார் காய்கிறது, எந்த இணைப்பு தளர்ந்து சூடேறுகிறது என்று பார்க்கிற கேமரா அது. குளிர்ந்தது நீலமாகத் தெரியும், சூடானது மஞ்சளாக, மிகச் சூடானது வெள்ளையாக. குறி வைத்த இடத்தின் சூடு ஓரத்தில் எண்ணாக வரும்.

முதல் பகுதியில் வெளிச்சம் இருந்தது. இரண்டாவதில் குறைந்தது. மூன்றாவதில் டார்ச் போட வேண்டியிருந்தது. காலடியில் தகரம் தாழ்ந்து எழும்பியது, தலைக்கு மேலே வெறுங் கொக்கிகள் வரிசையாகத் தொங்கின, அவர் கடந்து போகும் காற்றிலேயே ஒன்றோடொன்று உரசி, டம்ளரில் ஸ்பூன் தட்டுவதுபோல மெல்லக் கிணுகிணுத்தன; புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சின் வாசத்துக்கு அடியில், எவ்வளவு கழுவியும் போகாத வேறொரு வாசம் இருந்தது. அதற்கு அவர் பெயர் வைக்க விரும்பவில்லை.

ஐந்தாம் பகுதியில் நின்று கேமராவைத் தூக்கினார்.

எல்லாம் நீலம். சுவரில் மட்டும் மஞ்சள். ஒரு கை. ஐந்து விரலும் விரிந்த கை. அடுத்து இரண்டடி தள்ளி இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. கயிற்றுக்குச் சற்று மேலே, எட்டாம் பகுதியை நோக்கி, ஒருவன் சுவரைத் தடவிக்கொண்டே போனதுபோல.

டார்ச் வெளிச்சத்தில் சுவர் வெறுமையாக இருந்தது.

அவர் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. அந்தக் கைத்தடங்களைப் பார்த்தபோது பயத்தைவிட வேறொன்றுதான் அவரை முன்னே தள்ளியது. ஒரு பகுதியைத் தாண்ட ஒரு நாள். இரண்டடிக்கு அவன் எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும்.

ஆறு. ஏழு.

கொக்கிகள் நின்றுவிட்டன. புறாச் சத்தமும் இல்லை.

எட்டு.

கதவருகே அவன் இருந்தான். திரையில்தான். மஞ்சளாக, ஓரங்கள் கலங்கி, முகமில்லாமல். இன்ஜினியரின் உயரத்தைவிட ஒரு தலை குட்டை, இடது தோள் கொஞ்சம் சாய்வு. சின்னவனேதான். கதவுக்கு ஒரு அடி முன்னால் நின்றிருந்தான். தள்ளவில்லை. வலது கை இடுப்பு உயரத்தில் எதையோ பிடித்திருந்தது. இழுத்தது. தளர்ந்தது. இழுத்தது. தளர்ந்தது.

அவசரமே இல்லாமல். நம்பிக்கையோடு.

இன்ஜினியர் கேமராவை இறக்கவில்லை. "சின்னவா," என்றார். குரல் தகரத்தில் பட்டுத் திரும்பியது.

கை நின்றது. தலை திரும்பியது.

பிறகு அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தார். அவனைச் சுற்றி. கன்னத்தில் சூடு பட்டது, காய்ச்சல்காரன் பக்கத்தில் படுத்ததுபோல. கதவின் கம்பியில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார். திறந்தது. அவ்வளவு சுலபமாகத் திறந்தது.

மஞ்சள் உருவம் வெளியே போனது.

அவர் அழுதுகொண்டே பின்னால் போனார். கூடத்தின் சிமென்ட் தரையில் காலடிகள் விழுந்து, சில நொடியில் மங்கி, முன்னால் புதிதாக விழுந்தன. பெயிண்ட் கலக்கும் அறையைத் தாண்டி, லாக்கர்களைத் தாண்டி, பெரிய வாசலுக்கு. வாசலுக்கு வெளியே மதிய வெயில். தார்ச்சாலை முழுக்கக் கேமராவில் ஒரே வெள்ளை. காலடி எங்கே என்று எப்படித் தெரியும்? கேட் வரை ஓடினார். செக்யூரிட்டி எழுந்து நின்று, என்ன சார் என்றார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சின்னவன் இந்தக் கேட்டை விட்டு வெளியே வந்தால் போகிற இடம் ஒன்றுதான்.

காரை எப்படி ஓட்டினார் என்று நினைவில்லை. வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த வயரைப் பற்றி, அலமாரியில் கிடந்த ஸ்விட்ச் பற்றி, கையில் சுற்றியிருந்த கயிற்றைப் பற்றி. நாற்பது நாள் தொண்டையில் நின்றதெல்லாம் இப்போது தடையில்லாமல் வந்தது. சொல்லிவிட வேண்டும். அவள் அடித்தாலும் சரி, போலீஸுக்குப் போனாலும் சரி. அவன் அஜாக்கிரதையானவன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கேமரா இன்னும் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

படுக்கையறையில் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகு கட்டிலில் சாய்ந்து, கால்களை நீட்டி. மடியில் ஒன்றுமில்லை. அதன்மேல், ஒரு சாண் உயரத்தில், அவள் வலது கை போவதும் வருவதுமாக இருந்தது.

"மெதுவா வாங்க. இப்பத்தான் கண்ணசந்தான்."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. கயிறு வேலை செய்யாமல் போனது தன்னால், அவன் இழுத்தான், நான் சொன்னதை நம்பி நின்றான், பொய்க் கடிதம் என்று தெரிந்தும் உன்னைப் படிக்கவிட்டேன் என்றார். அவள் தலை நிமிரவில்லை. கை நிற்கவில்லை.

"சொன்னான்," என்றாள். "சூட்டுல எவ்வளவு நேரம் நின்னான்னுதான் அவனுக்குத் தெரியல."

அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டர் பதிவில் பார்த்திருக்கிறார்.

"பதினோரு நிமிஷம்."

அவள் அதை மனசுக்குள் வாங்கிக்கொண்டதுபோலத் தலையசைத்தாள்.

"அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான். பொறுத்துக்குவோம்டா கண்ணா."

அவர் கேமராவைத் தூக்கினார்.

நீல அறை. அதில் இளமஞ்சளாக அவள். அவள் மடியில் தலைவைத்து, கால்களை மடக்கி, குழந்தைபோலச் சுருண்டு கிடந்தான் சின்னவன். மஞ்சளாக. எண் நாற்பத்தொன்று காட்டியது. நாற்பத்தாறு. ஐம்பத்தெட்டு. அந்த வேகம் அவருக்கு மனப்பாடம். ஓவன் ஸ்டார்ட் ஆனதும் சூடு ஏறுகிற கிராஃப், அவரே போட்டது.

எழுபது.

எழுந்து ஓடினார். அவளைப் பிடித்து இழுக்க. இரண்டடி தூரத்தில் அனல் முகத்தில் அறைந்தது. கண் இமை பொசுங்கும் நெடி. மறுபடி போனார். மறுபடி தள்ளியது.

தொண்ணூறு. நூற்றிருபது.

அவள் மடியில் துணி பழுப்பானது. ஓரத்தில் கருகியது. புகை மெல்லிய நூலாக எழுந்தது. அவள் முகத்தில் வியர்வை வழிந்தது, உதடுகள் நடுங்கின, ஆனால் குனிந்து, தம்பியின் காது இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நூற்றைம்பது. மஞ்சள் வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

கை நிற்கவில்லை. நெற்றியிலிருந்து பின்னந்தலைக்கு. மறுபடி நெற்றிக்கு. ஒவ்வொரு தடவை அவள் உள்ளங்கையைத் தூக்கும்போதும், ஒட்டியது பிரிகிற ஈரச் சத்தம் கேட்டது. அவள் அதை மறுபடி, மெதுவாக, வைத்தாள்.